வர முடியாது என்று யாருக்குச் சொன்னாய்?

போன மாதம் ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் வீடு. கீழே பேஸ்மென்டில் ரோல்ஸும் கட்லட்டும் சுற்றி வந்துகொண்டிருந்த நேரம், என் சித்தியின் மகள் ஒரு வழக்கோடு வந்து பக்கத்தில் இருந்தாள். தாதியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

“அண்ணா, நீங்களே சொல்லுங்கோ. லெக்சர் எல்லாம் ரெக்கோர்டிங்கில இருக்கு. நான் வீட்டில இருந்து பார்த்து, சோதனையில 85 எடுத்திருக்கிறன். லாப்புக்கு ரெண்டு தரம் வரேல்லையாம் எண்டு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கினம். நான் என்ன கிண்டர்கார்டன் பிள்ளையா?”

கேட்டவுடன் அவள் பக்கம்தான் எனக்கும் சாய்வு. நான் பொறியியல் படித்த காலத்தில் எத்தனையோ லெக்சருக்குப் போகவில்லை. நூலகத்தில் இருந்து படித்துப் பாஸ் பண்ணினேன். அதனால் ஒரு பாலமும் இடிந்து விழவில்லை. ஆனாலும் அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன்.

“லாப்பில ரெண்டு ரெண்டு பேராய்த்தானே செய்வீங்கள். நீ வராத அந்த ரெண்டு நாளும் உன்ர ஜோடி யாருக்கு பிளட் பிரஷர் பார்த்தாள்?”

அவள் பதில் சொல்லவில்லை. அது அவள் யோசிக்காத பக்கம். எனக்கும் அது அந்த நிமிடத்தில் வந்த யோசனைதான். வீட்டுக்குப் போன பிறகும் விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் தாதியர், மருந்தியல், பிசியோ, பல் மருத்துவம், பிஎஸ்டபிள்யூ என்று ஏதோ ஒன்றைப் படிக்கிறீர்கள், அல்லது விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறீர்கள். இந்தச் சண்டை உங்களுக்கும் வரும்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவம் சார்ந்த படிப்பில் வரவு கட்டாயம் என்பது சரி. ஆனால் பல இடங்களில் அந்த விதியை எழுதியிருக்கும் விதம் சரியில்லை. இரண்டையும் ஒன்றாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

லெக்சரில் நீங்கள் இல்லாவிட்டால் நட்டம் பெரும்பாலும் உங்களுக்குத்தான். லாப்பில் இல்லாவிட்டால் உங்கள் ஜோடிக்கும் நட்டம். பிளேஸ்மென்டில் இல்லாவிட்டால் கட்டிலில் படுத்திருக்கிற ஒரு ஆளுக்கு நட்டம். இந்த மூன்றுக்கும் “ஆப்சென்ட்” என்று ஒரே பெயரைப் போடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் சுகாதாரத் தொழில்களைப் படிக்கும் எல்லா மாணவருக்கும் பொதுவான ஒரு நடத்தை விதி 2008 முதல் இருக்கிறது. மருத்துவம், தாதியர், பல் மருத்துவம், மருந்தியல் எல்லாவற்றுக்கும் அதே விதிதான். ஏற்க முடியாத நடத்தை என்று அது பட்டியல் போடுவதில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, கடமையில் இருக்கும் நேரத்தில் கிடைக்காமல் போவது. மற்றது, நோயாளியின் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைக்காமல் விட்டுவிட்டுப் போவது. நோயாளியின் குறிப்பைப் பொய்யாக எழுதுவதும், அந்தரங்கத்தை வெளியில் சொல்வதும் இருக்கும் அதே பட்டியலில்தான் இவையும் இருக்கின்றன.

என் வேலையிலும் இதுபோல ஒன்று உண்டு. வாரத்துக்கு ஒருவர் ‘ஆன் கோல்’ இருப்போம். இரவு 2 மணிக்கு சேர்வர் விழுந்தால் ஃபோன் எனக்கு வரும். எனக்குக் காய்ச்சல் என்றால் நான் லீவு எடுக்கலாம், ஒருவரும் கோபிக்கமாட்டார்கள். ஆனால் “இன்றைக்கு நீ பார்” என்று இன்னொருவரிடம் சொல்லாமல் ஃபோனை அணைத்துவிட்டுப் படுத்தால் அது வேறு கதை. இத்தனைக்கும் எங்களுக்குப் போவது காசு மட்டும்தான்.

“சும்மா ஒரு லாப்தானே, வேலைக்குப் போனால் பொறுப்பாக இருப்பேன்” என்று நினைப்பது இயல்பு. இதைப் பற்றி அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2005இல் நியூ இங்கிலண்ட் ஜேர்னல் ஒஃப் மெடிசினில் வெளிவந்தது. மாநில மருத்துவச் சபைகள் ஒழுக்க நடவடிக்கை எடுத்த 235 மருத்துவர்களை எடுத்தார்கள். அப்படியான நடவடிக்கை எதுவும் இல்லாத 469 மருத்துவர்களைப் பக்கத்தில் வைத்தார்கள். பிறகு எல்லோருடைய மாணவர் காலத்துக் கோப்புகளையும் திறந்து பார்த்தார்கள். நடவடிக்கைக்கு உள்ளானவர்களில் 39 சதவீதமானோரின் கோப்பில் மாணவர் காலத்திலேயே நடத்தை பற்றிய குறை எழுதப்பட்டிருந்தது. மற்றவர்களில் அது 19 சதவீதம். குறைகளில் மிக வலுவான தொடர்பு காட்டியது பொறுப்பின்மை. கிளினிக்குக்கு ஒழுங்காக வராதது, ஏற்ற வேலையை முடிக்காமல் விட்டது போன்றவை அதற்குள் வரும். குறைந்த புள்ளிகளுக்கும் ஒரு தொடர்பு இருந்தது, ஆனால் நடத்தை அளவுக்கு இல்லை. என் தங்கச்சியின் 85 அவளை முழுக்கக் காப்பாற்றாது என்பது இதன் அர்த்தம்.

ஆனால் அந்த 19 சதவீதத்தையும் மறக்காதீர்கள். எந்த ஒழுக்க நடவடிக்கையும் இல்லாமல் தொழில் செய்த மருத்துவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மாணவர் காலத்தில் ஒரு கறை இருந்திருக்கிறது. எச்சரிக்கைக் கடிதம் வந்தால் வாழ்க்கை முடிந்தது என்று அழத் தேவையில்லை. பொறுப்பின்மைக்கு அடுத்து அந்த ஆய்வு காட்டியது, பிழையைச் சொன்ன பிறகும் திருந்த முடியாத தன்மையை. கடிதம் வந்த பிறகு என்ன செய்கிறோம் என்பது கடிதத்தைவிடப் பெரிய விஷயம்.

இனிக் கல்லூரிகளின் பக்கம் வருவோம். அவர்கள் மீதும் எனக்குக் குறை இருக்கிறது. அதைச் சொல்ல 2003க்குப் போகவேண்டும்.

அந்த வருடம் சார்ஸ் வந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. மார்ச் 7ஆம் திகதி ஒருவர் ஸ்காபரோ கிரேஸ் வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குக் காய்ச்சலும் இருமலுமாக வந்தார். பேர்ச்மவுண்ட் வீதியில் இருக்கும் அதே வைத்தியசாலைதான். எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் அங்கே பிறந்திருக்கிறார்கள். என்ன நோய் என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. அங்கிருந்து அது மற்ற நோயாளிகளுக்கும், ஊழியர்களுக்கும், அவர்களின் வீட்டாருக்கும் பரவியது. கனடாவில் 44 பேர் இறந்தார்கள். நோய் கண்டவர்களில் 100க்கும் மேற்பட்டோர் வைத்தியசாலைகளில் வேலை செய்தவர்கள். இரண்டு தாதியரும் ஒரு மருத்துவரும் உயிர் விட்டார்கள். மருத்துவ மாணவர்களை வைத்தியசாலைகளுக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள். வராமல் இருப்பதே அந்தக் கிழமைகளில் அவர்களின் கடமையாக இருந்தது.

இந்த நகரம் அந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துப் படித்தது. கொவிட் வந்தபோது திரும்பவும் படித்தது. அதற்குப் பிறகும் ஒரு மாணவி, “இன்னொரு நாள் போனால் ஃபெயில்” என்ற பயத்தில் மாத்திரையைப் போட்டுக் காய்ச்சலை அமத்திக்கொண்டு முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் பிளேஸ்மென்டுக்குப் போகிறாள் என்றால், பிழை அவளில் மட்டும் இல்லை. அப்படிப் போகத் தூண்டுகிற விதியிலும் இருக்கிறது. 2024 அக்டோபர் 28 முதல் ஒன்ராறியோவில் வேலைச் சட்டம் தரும் 3 நாள் நோய் விடுப்புக்கு முதலாளி மருத்துவரின் கடிதம் கேட்க முடியாது. அந்தச் சட்டம் வேலை செய்பவர்களுக்கானது, மாணவர்களுக்கு அல்ல. ஆனால் அதன் நியாயம் மாணவருக்கும் பொருந்தும். ஒரு நாள் வாந்திக்குக் கடிதம் வாங்க வோக்-இன் கிளினிக்கில் மூன்று மணித்தியாலம் குந்தியிருப்பதால் யாருக்கு என்ன லாபம்?

வெறும் எண்ணிக்கையை விதியாக்கினால் இன்னொன்றும் நடக்கும். இந்தியாவில் எம்பிபிஎஸ் படிப்பவர்கள் பரீட்சை எழுத, தியரியில் 75 சதவீதமும் செய்முறையில் 80 சதவீதமும் வரவு காட்டவேண்டும். சென்னையிலோ மதுரையிலோ கல்லூரிக்குப் போன யாரையும் கேட்டுப் பாருங்கள், ‘ப்ராக்ஸி’ என்றால் என்ன என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். வராத நண்பனுக்காக இன்னொருவன் குரல் கொடுப்பது. இங்கே அதையே கியூஆர் கோடைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிச் செய்கிறோம். நட்பு என்று நினைத்துச் செய்வதுதான். ஆனால் நோயாளிக்கு மருந்து கொடுக்காமல் “கொடுத்தேன்” என்று கையெழுத்துப் போடும் பழக்கமும் இதுவும் ஒரே குடும்பம். வராமல் இருப்பதைவிட இது மோசம்.

வகுப்பில் ஃபோன் பற்றியும் ஒரு சொல். ஒன்ராறியோவில் ஒரு சமூகப் பணி முதுகலை மாணவி கோட்ரிச் என்ற ஊரில் ஒரு குடும்ப மருத்துவக் குழுவில் பிளேஸ்மென்ட் செய்தார். தனக்குத் தொடர்பில்லாத நோயாளிகளின் கோப்புகளை அங்கே திறந்து பார்த்தார். 2017இல் நீதிமன்றம் அவருக்கு 20,000 டொலர் அபராதமும், மேலதிகமாக 5,000 டொலரும் விதித்தது. மாணவி என்பதால் சட்டம் விட்டுவிடவில்லை. வகுப்பில் தன் நோயின் கதையைச் சொல்ல ஒரு நோயாளி வந்து நிற்கும்போது ஃபோனை வெளியில் எடுப்பது குற்றமில்லைத்தான். ஆனால் இன்னொருவரின் உடம்பும் கதையும் நம் பொழுதுபோக்கு இல்லை என்பதை எங்கேயோ ஓரிடத்தில் பழகத் தொடங்கவேண்டும். வகுப்பறை அதற்குப் பாதுகாப்பான இடம்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். இந்தப் பகுதியை அம்மா அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். வியாழக்கிழமை காலை கோயில் திருவிழா, வெள்ளிக்கிழமை சாமத்திய வீட்டுக்கு மண்டபம் சோடிக்க ஆள் வேண்டும், திங்கட்கிழமை மாமாவை எயர்போர்ட்டில் ஏற்றவேண்டும். எல்லாவற்றுக்கும் “கொலிஜ்தானே, ஒரு நாள் விடு” என்கிறீர்கள். வேலைக்குப் போகும் பிள்ளையிடம் அப்படிக் கேட்கமாட்டீர்கள். பிளேஸ்மென்டும் வேலைதான், சம்பளம் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

ஆனால் எல்லா வீட்டிலும் விஷயம் இவ்வளவு லேசு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அம்மாவின் ஸ்பெஷலிஸ்ட் அப்பாயிண்ட்மென்டுக்கு மொழிபெயர்க்கப் போகிற ஒரே பிள்ளை நீங்களாக இருக்கலாம். இரவு முழுக்க வேர்ஹவுஸில் வேலை செய்துவிட்டு 7 மணி ஷிஃப்டுக்கு இரண்டு பஸ் மாறி வருபவராக இருக்கலாம். இவர்களையும், நெட்ஃபிளிக்ஸ் பார்த்து நித்திரையானவரையும் வரவுப் பதிவேடு ஒரே எழுத்தில் குறிக்கும். அந்த வித்தியாசம் தெரியவேண்டுமென்றால் நீங்கள் வாய் திறந்து சொல்லத்தான் வேண்டும். வெட்கப்படாதீர்கள், முன்கூட்டியே சொல்லுங்கள்.

கல்லூரிகளிடம் நான் கேட்பது நான்குதான். லெக்சருக்கும் லாப்புக்கும் பிளேஸ்மென்டுக்கும் தனித்தனி விதி வையுங்கள். வருத்தம் என்று வீட்டில் நின்றவருக்குத் தண்டனை இல்லாமல், தவறவிட்டதைச் செய்துமுடிக்க ஒரு நாள் கொடுங்கள். பிளேஸ்மென்ட் நேர அட்டவணையைக் கடைசிக் கிழமையில் அனுப்பாமல் நேரத்துக்குத் தாருங்கள், வேலை செய்து படிக்கிற பிள்ளை அதற்கேற்ப ஒழுங்குபண்ணட்டும். முதல் தடவையிலேயே கடிதம் அனுப்புவதற்கு முன்னால் கூப்பிட்டுக் கதையுங்கள்.

உங்களிடம் கேட்பது அதைவிடக் குறைவு. வர முடியாவிட்டால், உங்களை எதிர்பார்த்து நிற்கிறவருக்கு நேரத்தோடு சொல்லுங்கள். உங்கள் கையில் இருந்த பொறுப்பை இன்னொருவர் கையில் வையுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் என் அம்மம்மா இடுப்பு எலும்பு முறிந்து வைத்தியசாலையில் கிடந்தா. ஆங்கிலம் தெரியாது, இடது காது கேளாது. ஒரு மாணவத் தாதி வந்தாள், தமிழ்ப் பிள்ளை இல்லை. என்னிடம் கேட்டு “நோகுதா?” என்ற ஒரு சொல்லைப் பழகிக்கொண்டாள். இரண்டாம் நாள் பின்னேரம் வந்து, “நாளைக்கு எனக்கு வகுப்பு, வரமாட்டேன். வருகிற ஆளிடம் இவவின் வலது பக்கம் நின்று கதைக்கச் சொல்லியிருக்கிறேன்” என்றாள். அடுத்த நாள் வந்த தாதி நேரே வலது பக்கம் போய் நின்று, “நோகுதா?” என்று கேட்டா. அம்மம்மா சிரித்தா. அந்த மாணவி அன்றைக்கு அங்கே இல்லை. ஆனால் அவள் செய்ய வேண்டிய வேலை நடந்தது.

இதைத்தான் தங்கச்சிக்கும் சொன்னேன். அவள் ரோல்ஸைக் கடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு ஃபோனை எடுத்து, தன் லாப் ஜோடிக்கு ஏதோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.