பாலே மருந்து, பாலே ஆபத்து! வீட்டில் விஷப்பரீட்சை வேண்டாம்

பால் குடித்தால் மூச்சு திணறும் குழந்தைக்கு, அந்தப் பாலையே சொட்டுச் சொட்டாகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சை பல நாடுகளில் நடக்கிறது. அதில் பலனும் உண்டு, ஆபத்தும் உண்டு. ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைப்பது பெற்றோரை ஏமாற்றும் வேலை.

இது வேறு

பால் குடித்தால் சிலருக்கு வயிறு உப்பும், பேதியாகும். அது பாலில் உள்ள சர்க்கரை செரிக்காத கோளாறு. பசும்பால் அலர்ஜி வேறு. பாலில் உள்ள புரதத்தை எதிரி என்று நினைத்து உடம்பு சண்டைக்குக் கிளம்பிவிடுகிறது. உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல்! சில சமயம் உயிருக்கே உலை.

பல குழந்தைகளுக்கு வயது ஏற ஏற இது தானாகவே போய்விடும். போகாத குழந்தைகள் பாடுதான் திண்டாட்டம். பிஸ்கட், கேக், ஐஸ்கிரீம் எதைத் தொட்டாலும் பால். பிறந்த நாள் விழாவுக்கு அனுப்பவே தாய்க்கு நடுக்கம்.

30 பேரில் 27 பேர்

இந்தக் குழந்தைகளுக்காகத்தான் இத்தாலியில் டிரியஸ்டே நகர டாக்டர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். கடுமையான அலர்ஜி உள்ள 60 குழந்தைகளில் 30 பேருக்குப் பால் கொடுத்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். முதல் 10 நாள் ஆஸ்பத்திரியில், பிறகு வீட்டில்.

2008-ல் முடிவு வெளிவந்தது. ஒரு வருஷத்தில் 11 பேர் 150 மில்லியும் அதற்கு மேலும் குடித்தார்கள். 16 பேருக்கு அதைவிடக் குறைந்த அளவு ஒத்துக்கொண்டது. 3 பேரால் முடியவில்லை. பாலே கொடுக்காத மற்ற 30 பேரும் பழைய கதைதான்.

தவறி ஒரு வாய் பால் உள்ளே போனால் என்ன ஆகுமோ என்ற பயம் குறைவது சின்ன விஷயமா?

மறுபக்கம்

அதே 2008-ல் அமெரிக்காவில் நடந்த சோதனையையும் பார்க்க வேண்டும். 2,437 தடவை பால் கொடுத்ததில் 1,107 தடவை ஏதாவது ஒரு தொந்தரவு! பெரும்பாலும் வாய் அரிப்பு, வயிற்று வலி போன்றவைதான். ஆனால் அட்ரினலின் ஊசி போட வேண்டிய கட்டமும் வந்தது.

ஜப்பானில் நடந்தது இன்னும் பரிதாபம். ஆஸ்பத்திரியில் சிகிச்சையைத் தொடங்கி, வீட்டில் பால் குடித்து வந்த ஒரு குழந்தைக்குத் திடீரென்று மூச்சு முட்டியது. மூளை பாதிக்கப்பட்டது. 2017-ல் இந்தச் செய்தி வெளியாகி அந்த நாட்டையே உலுக்கியது.

நேற்று ஒத்துக்கொண்ட அளவு இன்று ஒத்துக்கொள்ளும் என்று உத்தரவாதம் கிடையாது. காய்ச்சல் வந்தாலோ, குடித்தவுடன் ஓடி ஆடினாலோ, ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாவிட்டாலோ அதே அளவு ஆளைச் சாய்த்துவிடும். சில நாள் பாலை நிறுத்தினாலே வந்த பலனும் போய்விடலாம். இது பழக்கம்; நோய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

என்ன செய்யலாம்?

தடை போடு என்பது நியாயம் ஆகாது. பலன் கண்ட குழந்தைகள் இருக்கிறார்கள். ஆனால் கட்டுப்பாடு வேண்டும். முதல் சொட்டும், அளவு கூட்டும் ஒவ்வொரு தடவையும் டாக்டர் கண் முன்னால் நடக்க வேண்டும். அட்ரினலின் ஊசி வீட்டில் தயாராக இருக்க வேண்டும். அதைப் போடத் தாய் தகப்பனுக்குக் கற்றுத்தர வேண்டும்.

"ஒரு ஸ்பூன் கொடுத்துத்தான் பாரேன், பழகிப் போயிடும்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்கக் கூடாது. அது சிகிச்சை அல்ல, விஷப்பரீட்சை.

கையெழுத்துப் போடும் முன் பெற்றோர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "ராத்திரி 10 மணிக்குக் குழந்தைக்கு மூச்சு முட்டினால் யாருக்கு டெலிபோன் செய்வது?"

இதற்குப் பதில் இல்லாத இடத்தில் ஒரு சொட்டுப் பால்கூடக் கொடுக்கக் கூடாது.