விருந்தாளிக்கு மாளிகை, வீட்டாருக்கு லயம்

சித்திரை பிறக்குமுன்னரே நுவரெலியா தன்னை அலங்கரித்துக்கொள்ளத் தொடங்கிவிடுகிறது. விக்டோரியாப் பூங்காவில் மலர்கள் பூத்துக் குலுங்குகின்றன. குதிரைப் பந்தயத் திடலில் கூட்டம் நிறைகிறது. கிரகரி வாவியைச் சுற்றிக் கார்கள் நகர இடமின்றி நிற்கின்றன. கொழும்பின் வெக்கை தாங்காத வர்த்தகரும், யாழ்ப்பாணத்திலிருந்து விடுமுறைக்கு வந்த உத்தியோகத்தரும், கடல் கடந்து வந்த பிறநாட்டாரும் ஆறாயிரம் அடி உயரத்துக் குளிர்காற்றை அனுபவித்து மகிழ்கின்றனர். மகிழட்டும். உழைப்பவன் சில நாள் ஓய்வதையும், மலையழகைக் கண்டு மனம் குளிர்வதையும் குறைகூறுவார் யார்?

ஆனால், நானுஓயாவிலிருந்து நகருக்கு ஏறும் வழியிலோ, லபுக்கலை வளைவுகளிலோ வண்டியை நிறுத்தித் தேயிலை மலையைப் படம் பிடிக்கும் நண்பர்கள், அந்தப் படத்தின் ஓரத்திலும் விழுந்துவிடாதபடி ஒன்றைக் கவனமாகத் தவிர்த்துவிடுகின்றனர். காற்றுக்குப் பறந்துவிடாதிருக்கத் தகரக் கூரைமேல் கல் ஏற்றிவைத்த நீண்ட லயம் அது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பமே அங்கு குடியிருக்கிறது. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிய பெண் படத்துக்கு வேண்டும். அவள் குடியிருக்கும் இடம் வேண்டாம். மலைநாட்டு உல்லாசப் பயணத் தொழிலின் கதை முழுவதும் இந்த ஒரு படத்துள் அடங்கிவிடுகிறது.

உல்லாசப் பயணத்துறை இந்நாட்டுக்குப் புதியதன்று. அதனை வளர்ப்பதற்கென 1966ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டமும் சபையும் ஏற்பட்டன. 2018இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் வந்தனர். 2019இன் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, அதனைத் தொடர்ந்த கொள்ளைநோய், 2022இன் பொருளாதார வீழ்ச்சி ஆகியவற்றால் படுத்துவிட்ட தொழில், 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டி எழுந்தது. இப்பொழுது அதற்கு ‘நிலைபேறான சுற்றுலா’ என்று புதுப்பெயரும் சூட்டியிருக்கின்றனர். வருகின்ற பணம் அவ்வூர் மக்களிடம் தங்கவேண்டும், காடும் நீரும் கெடாதிருக்கவேண்டும், இன்று காண்பதை நாளை வருபவனும் காணவேண்டும் என்பது அதன் பொருள். கோட்பாடு நல்லதே. நாம் கேட்பது ஒன்றுதான்: மலைநாட்டிலே ‘அவ்வூர் மக்கள்’ என்போர் யாவர்?

பாதையை வெட்டியவர் யார்?

கண்டிக்கு மேலேயுள்ள ஹந்தானையில் தொடங்கி, கலஹா, லூல்கந்துர, பூண்டுலோயா, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம, அப்புத்தளை, எல்ல எனச் சுற்றி வந்து நுவரெலியாவில் முடியும் நெடும் நடைபாதை ஒன்று அண்மை ஆண்டுகளில் பெயர் பெற்றிருக்கிறது. பெக்கோ நடைபாதை என்று அதனை அழைக்கின்றனர். 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் உதவிப் பணம் வழங்கின. பெரும் கட்டடம் எதுவும் எழுப்பாமல், காட்டை அழிக்காமல், கால்நடையாகவே செல்லும் பயணியை ஊரூராக அழைத்துச் செல்லும் இம்முயற்சியை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். பேருந்தில் வந்து படம் பிடித்து அரை மணியில் மறைந்துவிடுபவனைக் காட்டிலும், நடந்து வருபவன் பசிக்கு உண்பான், தாகத்துக்குத் தேநீர் கேட்பான், இருட்டினால் தங்க இடம் தேடுவான்.

அந்தப் பாதை பெரும்பாலும் புதிதாக வெட்டப்பட்டதன்று. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் மூட்டை சுமக்கவும் கொழுந்து கொண்டுசெல்லவும் போடப்பட்ட தோட்டப் பாதைகளின் தொடரே அது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். அந்த 19 ஏக்கரையும், அதன்பின் விரிந்த ஏக்கர்களையும் கொத்திப் பண்படுத்தியவர்களுக்குப் பெயர்ப்பலகை இல்லை. தலைமன்னாரில் இறங்கி, மாத்தளைவரை காட்டுவழியே நடந்து, வழியிலே எண்ணற்றோர் மாண்டு, எஞ்சியோர் ஏறி வந்த மலை இது. இருநூறு ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து 2023இல் அதே வழியில் மலையக மக்கள் நடந்தார்கள் அல்லவா? அன்று முதல் இன்றுவரை இந்த மலைகளில் நடந்த முதல் நெடும் பயணிகள் அவர்களே. அவர்கள் உல்லாசத்துக்காக நடக்கவில்லை என்பதுதான் வேற்றுமை.

உறுதியில்லாத வீடு

நடந்து வரும் பயணி லயத்தின் வாசலில் நின்று, இன்றிரவு தங்க இடமுண்டா என்று கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் மக்கள் இல்லையென்று சொல்லமாட்டார்கள். இருக்கும் ஒற்றைப் பாயை விரித்துக்கொடுப்பார்கள். ஆனால், அதனை ஒரு தொழிலாகச் செய்ய அவர்களுக்கு இயலுமா? மேலதிக அறை ஒன்று கட்டவேண்டும், கழிவறை அமைக்கவேண்டும், அதற்குக் கடன் வேண்டும். வங்கியின் படியேறினால் முதலில் கேட்கப்படுவது காணி உறுதி. மூன்று தலைமுறை வாழ்ந்த வீட்டுக்கு லயத்துக் குடும்பத்திடம் உறுதி கிடையாது. வீடு தோட்டத்தினுடையது, நிலம் அரசாங்கத்தினுடையது, அதனை ஆள்வது குத்தகைக்காரக் கம்பெனி. ஒரு சுவரை இடித்துக் கட்டவும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

இந்நிலை தானாக வந்ததன்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது, ஏதோ மந்தையைப் பங்கிடுவதுபோல. எழுபதுகளில் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுடைமையாயின; நிலமற்ற தோட்டத் தொழிலாளிக்கு ஒரு சாண் நிலமும் கிடைக்கவில்லை. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பெனிகளிடம் சென்றது. 53 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. அப்பொழுதும் அவ்விடத்திலேயே குடியிருந்தவர்களின் பெயர் அந்தப் பத்திரங்களில் இல்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிரசாவுரிமைச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. ஆயினும், பிரதேச சபைகள் தோட்டப் பகுதிகளுக்குச் சேவை செய்யத் தடையாயிருந்த சட்டப்பிரிவு திருத்தப்பட்டது 2018இலேதான். குடியுரிமை கிடைத்தும், குப்பை அள்ள வண்டி வருவதற்கு மேலும் பதினைந்து ஆண்டு காத்திருக்கவேண்டியதாயிற்று!

ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் என்ற திட்டம் 2015க்குப் பின் தொடங்கப்பட்டது உண்மை. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். இவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் தேவையின் முன்னே இது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாக மாறியது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய துரைமார் பங்களாக்கள் 2005 முதல் பெரும் செல்வர் தங்கும் விடுதிகளாயின. பழைய கட்டடத்தை இடிக்காமல் காத்தது நற்செயலே. வேலை சிலருக்குக் கிடைத்ததையும் ஏற்றுக்கொள்வோம். ஆனால், பங்களா பாதுகாக்கப்படவேண்டிய பாரம்பரியச் சொத்து. லயம் மட்டும் அவமானமா? இரண்டையும் ஒரே தேயிலைதான் கட்டியது. இத்தகைய உயர்தர விடுதிகளில் ஓர் இரவுக்கு அறவிடப்படும் தொகை, அதே மலையில் கொழுந்தெடுக்கும் பெண்ணின் பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். 2024 செப்டெம்பரில்தான் அவளுடைய அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாயிற்று. அதனை 1,550 ஆக்கி, வருகைக்கென 200 ரூபாயை அரசாங்கமே சேர்த்து வழங்கும் என்று 2025 நவம்பரில் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தனர். அவளுடைய மகனோ அட்டனில் பஸ் ஏறிக் கொழும்புக்குச் சென்று, வெள்ளவத்தையில் யாரோ ஒருவரின் கடையில் மேசை துடைக்கிறான். தன் ஊருக்கு வரும் பயணிக்குத் தன் வீட்டிலேயே தேநீர் ஊற்றிக்கொடுக்க அவனுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தால் அவன் ஏன் போகிறான்?

காட்டுக்கும் காவல் வேண்டும்

மலையின் இயற்கையைக் காப்பது பற்றி இங்கு பேசும்பொழுது, தோட்ட மக்களைக் காட்டின் பகைவராகக் காட்டுவது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. விறகு பொறுக்குகிறார்கள், கண்ணி வைக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் கண்ணியில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை உயிர்விட்டபொழுது நாடே வருந்தியது. நாமும் வருந்தினோம். ஆயினும் கண்ணி சிறுத்தைக்காக வைக்கப்படுவதன்று. பயிரைக் கிளறும் காட்டுப்பன்றிக்காக வைக்கப்படுவது. சிறுத்தையால் வரும் வருமானம் வேறொருவருக்கும், சிறுத்தையால் வரும் அச்சம் லயத்துக்கும் என்றிருக்கும்வரை, சட்டம் மட்டும் சிறுத்தையைக் காத்துவிடாது.

உண்மையில் இம்மலைகளின் காட்டை அழித்தது யார்? கோப்பிக்கும் தேயிலைக்குமாகச் சிகரம் வரை மொட்டையடித்தது தோட்ட முதலாளித்துவம். 1873இல் ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காட்டை அழிப்பதற்கு அரசாங்கம் தடை விதித்திராவிட்டால், மகாவலி, களனி, வளவை ஆறுகளுக்கு ஊற்றாகிய ஹோட்டன் சமவெளியும் இன்று தேயிலையாகவே இருந்திருக்கும். 1988இல் தேசியப் பூங்காவாகவும், 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதியாகவும் ஆன அச்சமவெளியின் வாயிலில் பயணிகளின் பைகளைத் திறந்து பொலித்தீனை அகற்றிவிடுகின்றனர். இந்தச் சிறு ஏற்பாடு எவ்வளவு பயன் தருகிறது! சிவனொளிபாதமலையின் பருவத்தில், மார்கழி முதல் வைகாசிவரை இலட்சக்கணக்கானோர் ஏறியிறங்கும் படிகளின் இருமருங்கையும் பார்த்தவர்கள் வேற்றுமையை அறிவார்கள். பக்தியோடு ஏறுகிறவன் பிளாஸ்டிக் போத்தலை மட்டும் மலைக்கே காணிக்கையாக்கிவிட்டு இறங்குகிறான்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. சரிவுகளை வெட்டி, காட்சி நன்றாகத் தெரியுமென்று விளிம்பிலே விடுதி கட்டும் பேராசை. மேலே வெட்டிய மண் கீழே யார்மேல் விழும்? 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பெய்த மழையில் மலைநாடெங்கும் சரிவுகள் இடிந்தன. நாடு முழுவதிலும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலையின் இடுக்கிலே குடியிருக்க வைக்கப்பட்டவனுக்கு, அவ்விடம் அபாயமானது என்று எச்சரிக்கை கொடுத்தால் மட்டும் போதாது. போவதற்கு வேறிடம் கொடுக்கவேண்டும். அவனுக்கு நிலமில்லை என்ற பழைய பிரச்சினைக்கே இதுவும் வந்து சேருகிறது.

குமரகம் காட்டும் வழி

வேறு வழி உண்டா என்று கேட்பவர்களுக்கு, அண்டையிலுள்ள கேரளத்தைக் காட்டுவோம். குமரகத்தில் ஹோட்டல்கள் பெருகிய காலத்தில் ஊர்மக்கள் அவற்றை வெறுத்தனர். 2008 அளவில் அரசாங்கமும் ஊராட்சியும் ஹோட்டல்காரரும் ஒன்றாக உட்கார்ந்து ஒழுங்கு செய்தனர்: குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் காய்கறி பயிரிடும், ஹோட்டல்கள் அவற்றை ஏற்கெனவே குறித்த விலைக்கு வாங்கும் என்று. தரிசாய்க் கிடந்த வயல்களில் மீண்டும் பயிர் ஏறியது. தேக்கடியில் இதற்கு முன்னரே காட்டில் மரப்பட்டை திருடியவர்களையே காட்டுக் காவலரும் வழிகாட்டிகளுமாக்கினர். காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்தவன் காவலனாக நின்றால், திருடுவதற்கு வேறு யார் துணிவார்?

அதே கேரளத்து மூணாறு மறுபாடத்தையும் கற்பிக்கிறது. அங்கும் தேயிலை, அங்கும் லயம், அங்கும் கொழுந்தெடுப்பவர் தமிழர். சுற்றுலாவால் மூணாறு நகரம் கொழித்தது. 2005இல் தொழிலாளரும் பங்குதாரராகத் தோட்டக் கம்பெனி ஒன்றும் அமைந்தது. இருந்தும் 2015இல் பெண் தொழிலாளர் வீதிக்கு வந்து, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுத் தாமே போராடவேண்டியிருந்தது. 2020 ஓகஸ்டில் பெட்டிமுடி லயங்கள் மண்சரிவில் மூழ்கி 70 பேர் மாண்டனர். நகரில் பணம் புரண்டது. லயம் லயமாகவே இருந்தது. காணியில்லாத பங்கு கடுதாசிப் பங்காகவே நின்றது.

நுவரெலியா மாவட்டத்தின் கரட்டும் லீக்சும் உருளைக்கிழங்கும் தம்புள்ளைச் சந்தைவரை சென்று, இடைத்தரகர் கைமாறி, அதே நுவரெலியா ஹோட்டலின் சமையலறைக்குத் திரும்பி வருவதற்கு எந்த நியாயமும் இல்லை. கந்தப்பளையிலும் இராகலையிலும் உள்ள விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து, ஹோட்டல்களோடு நேரே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். பிரதேச சபைகள் நடைபாதைக் கட்டங்களின் அருகே லயத்துக் குடும்பங்களுக்குக் கடைநிலம் ஒதுக்கலாம். தோட்டத்தினுள் விடுதி நடத்த அனுமதி பெறும் கம்பெனி, அதே தோட்டத்துக் குடும்பங்களுக்கு வீட்டுக்காணியை உறுதியெழுதி விட்டுக்கொடுத்த பின்னரே அனுமதி பெறலாம் என்று அரசாங்கம் நிபந்தனை விதிக்கட்டும். அத்தகைய நிபந்தனை இயலாததன்று. மேல்கொத்மலை மின்திட்டத்துக்காகத் தலவாக்கலைச் சென் கிளயர் அருவி மறிக்கப்பட்டபொழுது, பார்ப்பவர் கண்ணுக்காகப் பகல் வேளையில் நீர் விடவேண்டுமென்று நிபந்தனை விதித்த அரசாங்கம் இது. அருவிக்கு இரங்கியவர்கள் அதன் கரையில் வாழ்பவர்களுக்கும் இரங்கலாம்.

எங்களுடைய வடகிழக்கு வாசகருக்கும் ஒரு சொல். நம்மில் பலர் ஏப்ரலில் நுவரெலியா செல்கிறோம். அங்குள்ள மக்களைத் ‘தோட்டக்காட்டார்’ என்று பேசிய வாய் நம்முடையதுதான். இம்முறை போகிறவர்கள், கொழுந்தெடுக்கும் பெண்ணைக் கேளாமல் படம் பிடிக்காதீர்கள். சாலையோரத்து மாடிக் கடையைத் தாண்டி, லயத்துப் பக்கம் இருநூறு யார் நடந்தால், தகரப் பந்தலின்கீழ் ஒரு கிழவி வடை சுட்டுக்கொண்டிருப்பாள். அவளிடம் தேநீர் வாங்கிக் குடியுங்கள். அவள் பேரனிடம் வழி கேளுங்கள். வழிகாட்டியதற்குக் கூலி கொடுங்கள். திரும்பி வந்ததும் உங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதி, அந்தப் பந்தல் நிற்கும் நிலத்துக்கு உறுதி எப்பொழுது எழுதப்படும் என்று கேளுங்கள்.