இடப்பக்கத்துச் சாத்திரம்

பெரம்பலூர்ப் புதிய பேருந்து நிலையத்து வாயிலில் கால்மணி நேரம் நின்று பாருங்கள், தோழர்களே! வரிசையாக நிற்கும் மோட்டார் சைக்கிள்கள் அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கக் காண்பீர். இடப்பக்கம்! ஏறுவோர் பெரும்பாலோர் ஒரே பக்கமாக ஏறக் காண்பீர். இடப்பக்கம்! பின்னால் அமர்ந்து செல்லும் தாய்மார்களில் மிகப் பலர் இரு கால்களையும் ஒரே பக்கம் தொங்கவிட்டு, ஒரு கையில் குழந்தையை அணைத்து, மறு கையால் இருக்கைக் கம்பியைப் பற்றி, ஒருக்களித்து அமர்ந்திருக்கக் காண்பீர். அதுவும் இடப்பக்கம்! அரியலூர்ச் சாலையிலே, சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் புழுதி பறக்க விரையும் பாதையிலே, அதே கோலத்தில் அவர்கள் செல்வதைக் காண்பீர்.

ஏன் இந்த ஓரவஞ்சனை என்று கேளுங்கள். "வண்டியே அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது" என்பார்கள். வண்டி வானத்திலிருந்து இறங்கியதா? அரும்பு மீசை வைத்த ஆண்டவன் பட்டறை வைத்து அடித்தெடுத்ததா? மனிதன் செய்தான்! மனிதன் செய்த ஒன்றுக்குக் காரணம் இருக்கும். காரணம் இருந்தால் அதை ஆராயலாம். ஆராய்ந்தபின் காரணம் செத்துப்போயிருந்தால், அந்தப் பழக்கத்துக்கும் சேர்த்துப் பாடை கட்டலாம்.

காரணத்தைப் பார்ப்போம். குதிரைமீது இடப்புறமாக ஏறியவன் போர்வீரன். இடையின் இடப்பக்கம் வாள் தொங்கியதால் வலப்புறமாக ஏறினால் வாள் காலில் இடறும் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். குதிரை போய்ச் சைக்கிள் வந்தது. 1885இல் இங்கிலாந்தில் வந்த ரோவர் சைக்கிளின் வழித்தோன்றல்கள் வலப்பக்கம் சங்கிலி கொண்டவை. எண்ணெய்ச் சங்கிலியில் உடை சிக்காதிருக்க இடப்பக்கமாக ஏறுவது வசதியாயிற்று. சைக்கிளுக்கு எஞ்சின் பூட்டினார்கள். மோட்டார் சைக்கிள் பிறந்தது. ஏறும் பக்கத்தில் ஸ்டாண்டும் அமைந்தது. வாள் இல்லை, குதிரை இல்லை, வீரன் இல்லை. ஆனால் வாளுக்குப் பயந்து ஏறிய பக்கம் மட்டும் இன்றுவரை இருக்கிறது!

"நம் நாட்டில் சாலையின் இடப்புறம் செல்கிறோம், இறங்குபவர் ஓரத்தில் இறங்குவது நல்லதுதானே?" என்று ஒரு நண்பர் கேட்கலாம். நியாயமான கேள்வி, மறுக்கவில்லை. ஆனால் சாலையின் வலப்புறம் செல்லும் அமெரிக்காவிலும் பிரான்சிலும் ஸ்டாண்டு எந்தப் பக்கம்? அங்கும் இடப்பக்கமே! அங்கே ஓட்டுபவன் போக்குவரத்தின் பக்கமாக அல்லவா இறங்குகிறான்? பழக்கம் முதலில் வந்தது. நியாயம் பின்னால் தேடிப் பிடிக்கப்பட்டது. சாதிக்கு முதலில் சுவர் எழுப்பிவிட்டுப் பிறகு சுலோகம் தேடியவர்களை அறிந்த நமக்கு இது புதிதல்ல.

"நீண்ட நாள் வழக்கம், மாற்ற முடியாது" என்று பெருமூச்சு விடுவோருக்கு ஒரு வரலாறு சொல்வேன். சென்னையில் 1955இல் என்பீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. திருவொற்றியூர் ஆலையிலிருந்து புல்லட் புறப்பட்டது. அந்த வண்டிக்குப் பிரிட்டிஷ் மரபு: வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக். ஏனைய பல வண்டிகளுக்கு நேர்மாறு. புல்லட் ஓட்டியவர்கள் அதை ஒரு குலப்பெருமையாகவே கொண்டாடினர். "வலக்கால் கியர்தான் ஆண்மை, மற்றதெல்லாம் பொம்மை" என்று மீசை முறுக்கியவரும் உண்டு. கடலுக்கு அப்பால் என்ன நடந்தது? 1970களின் நடுவில் அமெரிக்க அரசு ஒரு விதி செய்தது: கியர் இடக்காலுக்கு, பிரேக் வலக்காலுக்கு. வண்டி மாறி ஏறுபவன் அவசரத்தில் பிரேக் என்று எண்ணிக் கியரை மிதித்துச் சாகக்கூடாது என்பதே நோக்கம். அமெரிக்கச் சந்தையை நம்பிய பிரிட்டிஷ் நிறுவனங்கள், அரை நூற்றாண்டு மரபைக் கழற்றி வைத்தன. 2000க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் நம் புல்லட்டும் காலை மாற்றிக்கொண்டது. வானம் இடிந்து விழவில்லை. மீசைகள் உதிரவில்லை. சில நாள் தடுமாறிய கால், மறு வாரமே பழகிக்கொண்டது!

இன்னொன்றும் கேளுங்கள். அமெரிக்காவில் 'இந்தியன்' என்ற பெயரிலேயே ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதன் ஆக்ஸிலேட்டர் நெடுங்காலம் இடக்கைப் பிடியில் இருந்தது. அதையும் மனிதர்கள்தாம் ஓட்டினார்கள். ஆக, வலக்கைதான் வேகத்துக்கு உரியது என்பது இயற்கையின் கட்டளையன்று, ஏற்பாடு. எல்லாரும் ஒரே முறையில் ஓட்டினால் விபத்து குறையும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அறிவோடு செய்த ஏற்பாட்டை மதிக்கிறோம். அறிவின்றித் தொடரும் வழக்கத்தைத்தான் எதிர்க்கிறோம்.

இட வலச் சண்டை நமக்குப் புதிதா? சோற்றுக்கை, பீச்சாங்கை என்று ஒரே உடம்பின் இரு கைகளுக்கே சாதி வகுத்த நாடு இது! இடக்கையால் எழுதிய குழந்தையின் விரல்முட்டியில் பிரம்பால் அடித்த நாடு. மருமகள் வலக்காலை முன்வைத்து வந்தால் வீடு விளங்கும் என்று நம்பும் நாடு. அந்த மடமை உடலோடு நிற்கவில்லை, ஊரையே பிளந்தது. கங்கைகொண்ட சோழபுரம் இந்த அரியலூர் மாவட்டத்தில்தானே இருக்கிறது? அந்தச் சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலேயே வலங்கைப் படைகள் பேசப்படுகின்றன. பின்னாளில் வலங்கை 98, இடங்கை 98 என்று சாதிகள் இரு அணியாயின. எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது என்று 1707இல் சென்னையில் மூண்ட பூசலைத் தீர்க்க ஆளுநர் தாமஸ் பிட் திணறினார். ஆனால் அதே வரலாற்றில் 1429ஆம் ஆண்டும் உண்டு! நடுநாட்டிலும் காவிரி நாட்டிலும் உள்ள அவ்வாண்டுக் கல்வெட்டுகள், வரிக்கொடுமை தாங்காமல் வலங்கையும் இடங்கையும் ஒன்றுகூடி எதிர்த்து நின்றதைச் சொல்கின்றன. பிரித்து வைத்த கைகள் இணைந்தபோதுதான் அதிகாரம் அஞ்சியது.

இனி, பின்னிருக்கைக்கு வருவோம். அங்கேதான் உயிர் ஊசலாடுகிறது.

மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கைக்கு இருபுறமும் கால்மிதி உண்டு. இரு கால்களையும் இருபுறம் போட்டு அமர்ந்தவர், இரு மிதிகளையும் ஊன்றலாம். முழங்கால்களால் இருக்கையை இறுக்கலாம். ஒருக்களித்து அமர்ந்தவருக்கு அந்தப் பிடிப்பில்லை. உடலின் பாரம் ஒரு பக்கம். முகம் ஒரு திசை, பயணம் ஒரு திசை. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால், ஓட்டுபவன் சட்டென வேகம் எடுத்தால், பிடரி தரையில் மோத விழுவது யார்? நெடுஞ்சாலையில் பின்னால் வருவது சைக்கிள் அன்று, தோழர்களே. பத்துச் சக்கர லாரி!

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னிருப்பவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் வேண்டும் என்கிறது. உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடவேண்டும் என்கிறது. நல்ல விதி. சாரி கார்டு எத்தனையோ உயிரைக் காத்திருக்கும். ஆனால் பெண் ஒருக்களித்தே அமர வேண்டும் என்று அந்த விதியில் ஒரு சொல்லும் இல்லை! சட்டம் சொல்லாததைச் சம்பிரதாயம் சொல்கிறது. அதனால்தான் சுடிதார் அணிந்த கல்லூரி மாணவியிடமும், "ஆம்பளை மாதிரி உட்காராதே, ஊர் என்ன சொல்லும்?" என்று வீடு அதட்டுகிறது. சேலைதான் காரணம் என்றால், சுடிதாருக்கு ஏன் இந்தத் தடை?

சேலையையே எடுத்துக்கொள்வோம். பருத்திக் காட்டிலும் மக்காச்சோளக் கொல்லையிலும் சேலையை வரிந்து கட்டி முழங்கால் சேற்றில் நிற்கும்போது, மானம் போயிற்று என்று எந்தப் பெரியவரும் பதறியதில்லை. உழைக்கும்போது மறையாத மானம், வண்டியில் ஏறும்போது மட்டும் பறந்துபோகுமா? உழைப்பு வேண்டும், உரிமை வேண்டாம் என்பதன் மறுபெயரா மானம்?

பக்கத்துப் புதுக்கோட்டையைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. இலட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஏறினர். பெண்களுக்கென்று செய்த சைக்கிள் போதாதபோது, குறுக்குக் கம்பி கொண்ட ஆண்கள் சைக்கிளையே ஓட்டினர். அந்தக் கம்பியில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. ஏளனம் பேசியவர்கள் எங்கே? ஓட்டியவர்கள் ஓட்டிக்கொண்டே போய்விட்டார்கள்!

ஆகவே இளைஞர்களே, புது வண்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியை இதற்குச் செலவிடுங்கள். உங்கள் தாயை, தங்கையை, துணைவியை இருபுறமும் கால்போட்டு அமரச் சொல்லுங்கள். இயலாத முதியவர் ஏறினால் வேகத்தைக் குறையுங்கள். 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் பின்னிருப்பவருக்கும் கட்டாயமான தலைக்கவசத்தை உங்களுக்கு ஒன்று வாங்கும்போதே அவருக்கும் ஒன்று வாங்குங்கள். எலுமிச்சம்பழம் நசுங்கிப் போகும். தலைக்கவசம் தலையைக் காக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாவியை அவர் கையில் கொடுத்து ஓட்டக் கற்றுக்கொடுங்கள். பின்னிருக்கையில் எப்படி அமர்வது என்ற வழக்கே, முன்னிருக்கைக்கு வந்துவிட்டால் பாதி முடிந்துவிடும்.

ஸ்டாண்டு இடப்பக்கம் இருக்கட்டும். அதனால் எவருக்கும் கேடில்லை. கியர் எந்தப் பக்கம் இருந்தாலும் கால் பழகிக்கொள்ளும். ஆனால் இரண்டு கால் படைத்த ஒருத்தியை ஒரு பக்கத்துக்கு ஒதுக்கி வைக்கும் வழக்கத்துக்கு மட்டும் இனி நம் சாலையில் இடமில்லை என்போம்!