ஆயாவைக் கணக்கில் சேர்க்காத ஆய்வுகள்

கொல்கத்தாவின் டாக்குரியா என்றதும் 2011 டிசம்பர் 9 நினைவுக்கு வரும். வாகன நிறுத்தத்திற்கான அடித்தளத்தைக் கிடங்காக்கி வைத்திருந்த ஆம்ரி தனியார் மருத்துவமனையில் அதிகாலையில் தீப்பற்றியது. புகையில் மூச்சுத்திணறிச் சுமார் 90 பேர் மாண்டனர். எழுந்து நடக்க இயலாதோரைக் காக்க ஓடி வந்தவர்கள் பக்கத்துக் குடிசைப் பகுதி இளைஞர்கள். நோயாளிகளை வெளியேற்றிவிட்டுத் தம் உயிரை இழந்தவர்கள் கேரளச் செவிலியர் இருவர்.

அதே டாக்குரியாவில், செய்தியாகாத பராமரிப்பு ஒன்று நாள்தோறும் நடக்கிறது. கேனிங், லட்சுமிகாந்தபூர் பக்கமிருந்து வரும் உள்ளூர் ரயில்களில் பெண்கள் கூட்டங்கூட்டமாக வந்து டாக்குரியாவிலும் ஜாதவ்பூரிலும் இறங்குகிறார்கள். பலர் வீட்டு வேலைக்குச் செல்வோர். முதியோரைப் பராமரிக்கச் செல்வோரும் அவர்களில் உண்டு. வங்கத்தில் இவர்களை 'ஆயா' என்பார்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, தனித்திருக்கும் பெற்றோருக்கு 'ஆயா சென்டர்' எனும் தரகு நிலையம் ஆளனுப்புகிறது. ஒரு முறைப்பணி 12 மணி நேரம். கூலியில் ஒரு பங்கு தரகருக்கு.

அந்த 12 மணி நேரத்தில் என்ன நடக்கிறது? படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். குழாய் வழியே உணவு செலுத்த வேண்டும். விழுங்க முடியாதவருக்குச் சோற்றைக் குழைத்து, புரையேறாமல் ஊட்ட வேண்டும். சட்டத்தின் கண்ணில் இவர் வீட்டு வேலைக்காரர். செய்வதோ செவிலியர் வேலை.

முதுமை குறித்து நாட்டில் ஆய்வு இல்லாமல் இல்லை. 2017-18-இல் 72,000-க்கும் மேற்பட்டோரிடம் தேசிய முதுமை ஆய்வு நடந்தது. அறுபது கடந்தோரில் கால்பங்குக்கும் மேற்பட்டோர் எடை குறைந்தவர்கள் என்று அது கண்டது. பயனுள்ள கண்டுபிடிப்புதான். ஆனால் தட்டில் எவ்வளவு மிஞ்சியது, எந்த வேளையில் வாய் திறக்க மறுக்கிறார், பல்லில்லாதவருக்கு எது இறங்கும் என்பதெல்லாம் ஊட்டுபவருக்குத்தான் தெரியும். அவரிடம் கேட்காத ஊட்டச்சத்துப் பரிந்துரை அட்டவணையாகவே நின்றுவிடும். அவர் தாமே வேளைக்குச் சாப்பிட்டாரா என்பதும் ஆய்வுக்குரிய கேள்வியே.

வீட்டுப் பணியாளர் குறித்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2011-ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. சட்டம் இயற்றும் தேவையை ஆராயக் குழு அமைக்குமாறு 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றமே சொல்ல வேண்டியதாயிற்று. இந்தப் பெண் நாளை அறுபதைத் தொட்டு, வறுமைக்கோட்டுப் பட்டியலிலும் இடம்பெற்றால், முதியோர் ஓய்வூதியத்தில் ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 2007 முதல் அதே 200.

கொல்கத்தாவின் கதைதானே என்று தமிழகத் தோழர்கள் ஒதுங்க வேண்டாம். சென்னையிலும் கோவையிலும் இதே வேலைக்கு முகவர்கள் ஆளனுப்புகிறார்கள். (நம்மில் சிலரது வீடுகளுக்கும்தான்.) இங்கே 2007 முதல் வீட்டுப் பணியாளர் நலவாரியம் இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் படுக்கையில் கிடப்போரின் வீடு தேடிப் போகிறது. ஆனால் அங்கே அந்த முதியவரின் அருகில் நாளெல்லாம் இருக்கும் பெண்ணுக்கு அரசுப் பயிற்சியும் சான்றிதழும் எட்டு மணி நேர வேலையும் வேண்டும் என்ற கோரிக்கையை நாம்தான் எழுப்ப வேண்டும். கிளைகள் முதலில் தம் பகுதியில் இப்படி எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் வாரியத்தில் பதிந்திருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுக்கலாம்.