படம் என்று மட்டும் சொல்லிற்று

இந்த வாரம் நேயர்களிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. குற்றவாளி வேறு யாருமில்லை, அடியேன்தான்.

வத்தலக்குண்டில் நான் உபாத்தியாயராக இருக்கும் பள்ளிக்கூடத்தில், பெற்றோர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசித் தேதியைத் தெரிவிக்கும் சுற்றறிக்கையைக் கைப்பேசியில் படம் பிடித்து அந்தக் குழுவில் போட்டேன். கடமை முடிந்ததென்று காபி சாப்பிடப் போய்விட்டேன்.

சில நாள் கழித்து, பழைய மாணவர் ஒருவர் பேசினார். அவருடைய மகளும் எங்கள் பள்ளியில்தான் வாசிக்கிறாள். அவர் கண் பார்வையை இழந்தவர். கைப்பேசியிலுள்ள திரைவாசிப்பான் என்னும் கருவி, வரும் எழுத்துக்களை அவருக்கு உரக்கப் படித்துச் சொல்லும்.

"ஸார், நீங்கள் அனுப்பியதைப் 'படம்' என்று மட்டும் போன் சொல்லிற்று. பண்டிகை வாழ்த்தாக்கும் என்று விட்டுவிட்டேன். இன்றைக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னார்" என்றார்.

கடைசித் தேதி முந்தின நாளே போயிருந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை.

அன்றிரவு இந்த விஷயத்தைப் பற்றித் தேடிப் படிக்கலானேன். மாஸ்டொடான் என்ற சமூக வலைத்தளத்தில் தானியங்கிக் கணக்குகள் பல உண்டு. யாரோ ஒருவர் நல்ல குறிப்புகளை ஒரு பட்டியலாகச் சேர்த்து வைக்கிறார். ஒரு சிறு நிரல், கடிகாரம் போல் நேரம் பார்த்து, ஒவ்வொன்றாக எடுத்து வெளியிடுகிறது. படங்களுக்கு வர்ணனை எழுதுவது எப்படி, எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேற்றுமை குறைந்தது 4.5-க்கு 1 ஏன் இருக்க வேண்டும் என்பன போன்ற பாடங்களை அலுக்காமல் சொல்லும். வேறொரு வகைத் தானியங்கி, தன்னைப் பின்தொடர்பவர் வர்ணனையில்லாமல் படம் போட்டால், "மறந்துவிட்டீர்களே!" என்று மெல்ல ஞாபகப்படுத்தும். எனக்கு அப்படி ஒரு காவற்காரன் இருந்திருக்கலாம்!

ஆனால் அந்த ஊழியனுக்கும் ஆயுள் நிச்சயமில்லை. 2023-ஆம் வருஷத்தில் ட்விட்டர் நிறுவனம் இலவச நிரல் வசதியை நிறுத்தியதும் பல தானியங்கிகள் ஊமையாயின. மாஸ்டொடான் தானியங்கிகளுக்கென்றே இருந்த பாட்ஸின் ஸ்பேஸ் என்ற இடமும் 2024 டிஸம்பரில் புதிய பதிவுகளை நிறுத்திவிட்டது. எனவே, நினைவூட்டும் வேலையை இயந்திரத்திடம் விடலாம். பழக்கம் நம்மிடம்தான் ஏற்பட வேண்டும்.

தமிழில் இப்படியொரு கணக்கை நடத்த எந்தக் கல்லூரி மாணவராவது முன்வந்தால், நமக்கே உரிய பாடங்கள் சில உண்டு. யூனிகோடுக்கு முந்திய பழைய எழுத்துருவில் அச்சடித்த ஆவணம், கண்ணுக்கு அழகான தமிழ். திரைவாசிப்பானுக்கோ பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். படமாக மட்டும் ஏற்றிய பழைய புஸ்தகம், பார்வையற்றவருக்கு வெறும் வெள்ளைத்தாள். இவற்றை யார் நினைவூட்டுவது?

இது தர்மம் செய்கிற விஷயமன்று. மாற்றுத் திறனாளிகளின் உரிமைகளுக்கான சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது. மின்வழிச் சேவைகளை அணுகுவது, உயிர் வாழும் உரிமையில் அடங்கியதென்று 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது.

எங்கள் ஊரில் பிறந்த தேசபக்தர் சுப்பிரமணிய சிவா, சிறையிலிருந்து தொழுநோயுடன் வெளிவந்தார். ரயிலில் ஏறக்கூடாதென்று அன்றைய அந்நிய சர்க்கார் அவருக்குத் தடை விதித்தது. அவர் கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகச் சென்றார். அந்தக் கொடுமையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் என் குரல் தழுதழுக்கும். ஆனால் பொது வழியை ஒருவருக்கு அடைப்பதற்கு அந்நிய சர்க்கார்தான் வேண்டுமென்பதில்லை. என்னைப் போன்ற சுதேசி உபாத்தியாயர் ஒருவரின் அசட்டையே போதும் என்பதை இப்போது கண்டுகொண்டேன்.

போன தேதி திரும்பி வராது. இப்போதெல்லாம் சுற்றறிக்கையைப் படமாக அனுப்பினாலும், கீழே அதன் சாரத்தை எழுத்தில் அடித்துவிடுகிறேன். இரண்டு நிமிஷ வேலை.

நேயர்களே, அடுத்த முறை கல்யாணப் பத்திரிகையைப் படமாக அனுப்பும்போது, முகூர்த்த நாளையும் மண்டபத்தின் பெயரையும் கீழே இரண்டு வரி எழுதிவிடுங்கள். அழைக்கிறவர்கள் எல்லோரையும் அழைத்ததாக இருக்கட்டும்.