எட்டுக் கோப்பை, இரண்டு வயர்



கொட்டகலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஸ்பீக்கருக்கு வெள்ளி பூசிய வயர் போட்டால் பாட்டு துல்லியமாகக் கேட்குமாம். விலை செட்டில் பாதி. வாங்கலாமா?"

வேண்டாம் தம்பி. வீட்டுக்குள் மூன்று மீற்றர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் சாதாரண செம்பு வயரே போதும். போக வர அதன் தடை 0.04 ஓம் அளவுதான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

"கடையில் வித்தியாசம் கேட்டதே!" என்பீர்கள். கேட்டிருக்கும். விலை தெரிந்த பிறகு மனசும் காதோடு சேர்ந்துகொள்ளும். போதாததற்கு, சத்தத்தை ஒரு துளி கூட்டி வைத்தாலே எதுவும் இனிமையாகத் தோன்றும். நாக்கும் இப்படித்தான் ஏமாறும். அதனால்தான் தேயிலையைச் சுவைத்துப் பார்ப்பவர்கள் எல்லாக் கோப்பைக்கும் ஒரே நிறை தூள், ஒரே அளவு கொதிநீர், ஒரே நேரம் என்று கறாராக இருக்கிறார்கள்.

இப்படிச் சோதிப்பதைக் கணக்காக்கியதும் ஒரு கோப்பைத் தேநீர்தான். 1920களில் இங்கிலாந்தின் ரொத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற விஞ்ஞானி, கோப்பையில் முதலில் விழுந்தது பாலா தேநீரா என்று குடித்தே சொல்வேன் என்றார். உடன் பணியாற்றிய ரொனால்ட் ஃபிஷர் எட்டுக் கோப்பைக்குத் திட்டமிட்டார்: நான்கு அப்படி, நான்கு இப்படி, வரிசை கலைத்து. குருட்டாம்போக்கில் எட்டையும் சரியாகச் சொல்ல 70க்கு 1 வாய்ப்புத்தான். ஃபிஷரின் 1935ஆம் ஆண்டு நூலில் இந்தச் சோதனை இருக்கிறது. அம்மையார் வென்றாரா என்பதை மட்டும் மனுஷன் எழுதவில்லை!

வயருக்கும் அப்படியொரு சவால் வந்தது. 2007இல் மந்திரவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி, பல ஆயிரம் டொலர் பெறுமதியான ஒரு வயரைக் காதால் மட்டுமே அடையாளம் காட்டினால் பத்து லட்சம் டொலர் என்று அறிவித்தார். சோதனை நடக்கவேயில்லை.

ஆனால் தோட்டத்துத் திருவிழா வேறு கதை. கோயிலிலிருந்து கீழ் லயம் வரை நூறு மீற்றருக்கு 0.75 சதுர மில்லிமீற்றர் வயரை இழுத்து 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால், சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வயரிலேயே சூடாகிப் போய்விடும். அங்கே தடித்த வயருக்குச் செலவழியுங்கள். நம் மழையில் பச்சை பிடித்த மூட்டுகளைச் சுரண்டித் துடைத்து, இறுக்கிச் சுற்றுங்கள்.

தம்பி, கடைக்காரரிடம் அந்த வயரை ஒருநாள் இரவல் கேளுங்கள். சத்தத்தை மாற்றாமல், எந்த வயர் என்று சொல்லாமல், நண்பர் ஒருவர் அதையும் சாதாரண வயரையும் வரிசை கலைத்து எட்டுத் தடவை மாட்டட்டும். எட்டும் சரியாக வந்தால் எழுதுங்கள். அடுத்த இதழில் இந்தப் பக்கம் உங்களுக்கே.

அன்புடன்,
ஆசிரியர்