ஒரு வேட்பாளரின் மரணமும் நாம் கேட்காமல் விட்ட கேள்வியும்



2021ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 4ஆம் தேதி வந்தது. இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 6, செவ்வாய்க்கிழமையன்று தமிழகம் முழுவதும் வாக்குப்பதிவு. முகக்கவசம் அணிந்து, வாசலில் கொடுத்த பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றது நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் அன்று வாக்குக் கேட்ட வேட்பாளர்களுள் ஒருவர் தொகுதியிலேயே இல்லை. காங்கிரஸ் கட்சியின் பி. எஸ். டபிள்யூ. மாதவராவ் கொரோனா தொற்றுக்கு ஆளாகி மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தார். அவர் சார்பில் மகள் தெருத்தெருவாகச் சென்று வாக்குக் கேட்டார். ஏப்ரல் 11ஆம் தேதி, நாம் இறை இரக்க ஞாயிறு கொண்டாடிக்கொண்டிருந்த அன்று, மாதவராவ் இறந்துபோனார்.

திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது செய்தி பரவியிருந்தது. கோவில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "இவர் ஜெயித்துவிட்டால் இடைத்தேர்தல் வருமா?" அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் வாக்குப்பதிவுக்கு முன் இறந்தால் தேர்தல் தள்ளிவைக்கப்படும், வாக்குப்பதிவு முடிந்தபின் இறந்தால் எண்ணிக்கை வழக்கம்போல் நடக்கும், இறந்தவர் வென்றால்தான் இடைத்தேர்தல். சட்டம் இவ்வளவுதான். மே 2ஆம் தேதி வாக்குகளை எண்ணியபோது அ.தி.மு.க.வின் இ. எம். மான்ராஜ் வென்றார். மாதவராவுக்கு 57 ஆயிரத்துக்கும் அதிகமானோர் வாக்களித்திருந்தார்கள். இடைத்தேர்தலுக்கு வேலையில்லாமல் போயிற்று. பேச்சும் அத்தோடு நின்றது.

நாமும் அன்று இடைத்தேர்தலைப் பற்றித்தான் பேசினோம். ஒரு சட்டமன்றத் தொகுதியின் வேட்பாளர், பெரிய கட்சி ஒன்றின் சார்பில் நிற்பவர், மூச்சுத்திணறல் வந்தால் ஏறக்குறைய 75 கிலோமீட்டர் தள்ளியுள்ள நகரத்தின் தனியார் மருத்துவமனைக்குத்தான் போகவேண்டியிருக்கிறது என்றால், அந்தத் தொகுதியில் தறி ஓட்டுகிறவர், பட்டாசுக்கு மருந்து அடைக்கிறவர், பால்கோவா கிண்டுகிறவர் எங்கே போவார்? இதை யாரும் கேட்கவில்லை. பங்குத்தந்தையான நாமும் கேட்கவில்லை.

மாதவராவ் ஒருவர் மட்டுமல்லர். 2020 ஜூனில் சட்டமன்ற உறுப்பினர் ஜெ. அன்பழகன், ஆகஸ்டில் கன்னியாகுமரி மக்களவை உறுப்பினர் எச். வசந்தகுமார், அக்டோபர் கடைசி நாளில் வேளாண் அமைச்சர் துரைக்கண்ணு ஆகியோர் கொரோனாவுக்குப் பலியானார்கள். மூவரும் சென்னையில் தனியார் மருத்துவமனைகளில் இறந்தவர்கள். அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. உயிருக்குப் போராடும்போது நல்ல சிகிச்சை தேடுவது எவருக்கும் உரிமை. ஆனால் அரசு மருத்துவமனைகளுக்கு நிதி ஒதுக்குகிறவர்கள், தங்களுக்கென்று வரும்போது அங்கே போவதில்லை என்பது வெறும் தற்செயலா?

பழைய கதை ஒன்று நம் பக்கத்து ஊர்களில் எல்லாருக்கும் தெரியும். காமராசர் அமைச்சரவையிலும் பக்தவத்சலம் அமைச்சரவையிலும் இருந்த கக்கன், பதவியெல்லாம் போனபின் மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் படுத்திருந்தார். வேறொருவரைப் பார்க்க வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவர் அங்கிருப்பதை அறிந்து பதறிப்போனார். கக்கனின் எளிமைக்குச் சான்றாக இதை மேடைக்கு மேடை சொல்கிறோம். சொல்லும் நமக்கே தெரியாமல் ஒன்றையும் ஒப்புக்கொள்கிறோம்: பொது வார்டு என்பது அமைச்சராக இருந்தவர் படுக்கக்கூடாத இடம். அவருக்குப் பக்கத்துப் படுக்கைகளில் கிடந்தவர்கள் யார் என்று எந்த மேடையிலும் எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

வேறு நாடுகளில் இப்படிப்பட்ட மரணங்கள் வேறு விதமாகவும் பேசப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவில் செனட்டர் எட்வர்ட் கென்னடி 2009 ஆகஸ்ட் 25 அன்று மூளைப் புற்றுநோயால் இறந்தபோது, அந்நாட்டில் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தம் பற்றிய விவாதம் உச்சத்தில் இருந்தது. கத்தோலிக்கரான அவர் பல பத்தாண்டுகளாக அதற்காக வாதாடியவர். அவர் இறந்த மறுநாளே விவாதத்தில் அவர் பெயரும் சேர்ந்துகொண்டது. சீர்திருத்தத்தை ஆதரித்தவர்கள் அவர் பெயரால் கேட்டார்கள். எதிர்த்தவர்களோ, அவர் இருந்திருந்தால் எதிர்க்கட்சியோடு பேசிச் சமரசம் கண்டிருப்பார் என்றார்கள். அவருடைய இடத்துக்கு 2010 ஜனவரியில் நடந்த தேர்தலில் எதிர்க்கட்சிக்காரர் வென்றார்; ஆனாலும் மார்ச் 23 அன்று சட்டம் கையெழுத்தாயிற்று. அங்குள்ள கத்தோலிக்கரும் இரண்டுபட்டார்கள். கருக்கலைப்புக்கு அரசுப் பணம் போகும் என்று ஆயர்கள் எதிர்த்தார்கள். கத்தோலிக்க மருத்துவமனைகளின் கூட்டமைப்பும் பல துறவறச் சகோதரிகளும் ஆதரித்தார்கள். அந்தச் சண்டையில் யார் சரி என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஒரு மனிதரின் மரணம் நோயாளிகளைப் பற்றிய பேச்சை வளர்த்தது என்பதுதான் நமக்கு முக்கியம்.

அதே 2009இல், ஜூலை மாதத்தில், தமிழகத்திலும் ஒரு காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. கலைஞர் பெயரில் வந்த அந்தத் திட்டம், ஏழைக் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உயிர்காக்கும் சிகிச்சை என்றது. 2012இல் ஜெயலலிதா அதை மாற்றி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆக்கினார். 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் அதனோடு இணைந்தது. தொகை 5 லட்சமாக உயர்ந்தது. 2021 மே 7 அன்று மு. க. ஸ்டாலின் முதலமைச்சரானதும் கையெழுத்திட்ட முதல் ஆணைகளுள் ஒன்று, தனியார் மருத்துவமனையில் கொரோனா சிகிச்சைக்கும் இந்தக் காப்பீடு உண்டு என்பது. மாதவராவ் இறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

பெயர் மாறினாலும், ஆட்சி மாறினாலும் ஒரு திட்டம் நிலைத்தது. அதற்கு நன்றி சொல்லவேண்டும். நம் பங்கிலேயே இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டு நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிலத்தை விற்காமல் பிழைத்தவர்கள். ஆயினும் இதில் உள்ள குறையை எடுத்துச் சொல்லாமல் இருக்க முடியாது.

விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்யும் ஒருவரின் மனைவி. வயது நாற்பத்தைந்துக்குள். ஒரு நாள் காலை மாவு ஆட்டிக்கொண்டிருந்தவருக்கு வாய் ஒரு பக்கம் கோணியது. பக்கத்தில் உள்ள ஒரு மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். பிரஷர் என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார். மதியத்துக்குமேல் வலது கை விழுந்துவிட்டது. அங்கே இங்கே விசாரித்து, வண்டி பிடித்து, மதுரை போய்ச் சேரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. மூளைக்குப் போகும் இரத்தக்குழாயில் அடைப்பு என்றால், அதைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, அது இரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். நோயில்பூசுதல் கொடுக்க மறுநாள் நாம் போனபோது, கணவர் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த காப்பீட்டு அட்டையை எடுத்துக் காட்டினார். "சாமி, கார்டு இருக்கு. காசு ஒண்ணும் கேக்கல. ஆனா நேரம் போயிடுச்சுன்னு சொல்றாங்க."

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்கிறார்கள். அந்த பேண்டேஜ் துணி நாடெங்கும், வெளிநாடுகளுக்கும் போகிறது. ஊருக்கெல்லாம் காயம் கட்டத் துணி தருகிறவர் அவர். பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் சிறு கூடமானால் பெரும்பாலும் இ.எஸ்.ஐ. கிடையாது. மில் தொழிலாளிக்கு இருக்கும் அந்தப் பாதுகாப்பு விசைத்தறிக்காரருக்கு எட்டுவதில்லை. காப்பீட்டு அட்டையோ படுக்கையில் சேர்ந்தபின் ஆகும் செலவுக்குத்தான். அதற்கு முன் மாதாமாதம் வாங்கவேண்டிய மாத்திரைக்கும் வெளிநோயாளியாகப் பார்க்கும் மருத்துவருக்கும் அவர் தம் கைக்காசைத்தான் கொடுக்கிறார்.

தேர்தல் நடந்த அதே 2021இல், பிப்ரவரி 12 அன்று, நம் மாவட்டத்தில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20 பேருக்குமேல் இறந்தார்கள். இரண்டு மாதம்கூடக் கழியாமல் தேர்தல். தீக்காயச் சிகிச்சை பற்றி அந்தப் பிரச்சாரத்தில் எத்தனை பேச்சு கேட்டோம்? மருத்துவத்தைப் பற்றி அந்தத் தேர்தலில் நம் மனத்தில் நின்றது ஒரு செங்கல்தான். மதுரை தோப்பூரில் 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட எய்ம்ஸ் மருத்துவமனை எழும்பவில்லை என்று காட்ட, உதயநிதி ஸ்டாலின் ஒரு செங்கல்லைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். மக்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் எய்ம்ஸ் எழும்பினாலும் அது திருமங்கலத்துக்கு அப்பால். நம் ஊர் அரசு மருத்துவமனையில் இரவு பத்து மணிக்கு ஸ்கேன் எடுக்க ஆள் இருப்பாரா என்ற கேள்வியைச் செங்கல்போல் தூக்கிக் காட்ட முடியாது. அதனால்தான் அது மேடை ஏறுவதில்லை போலும்.

2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அது பெரிய ஆறுதல். ஆனாலும் ராஜபாளையத்துக்காரருக்கு அதுவும் பயணம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1996இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியைக் கல்கத்தாவில் ஒன்றன்பின் ஒன்றாக அரசு மருத்துவமனைகள் இடமில்லை, வசதியில்லை என்று திருப்பி அனுப்பின. அவசர சிகிச்சை மறுப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையை மறுப்பது என்றது நீதிமன்றம். அந்த வழக்கை வாசிக்கும்போது, எரிகோ போகும் வழியில் விழுந்து கிடந்தவனையும் விலகிப் போன குருவையும் லேவியரையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2023 மார்ச்சில் இராஜஸ்தான் மாநிலம் நலவாழ்வு உரிமைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. முன்பணம் கேட்காமல் அவசர சிகிச்சை தரவேண்டும் என்றது அது. தனியார் மருத்துவர்கள் தெருவில் இறங்கினார்கள். அரசு பணத்தைத் திருப்பித் தருமா, எப்போது தரும், எது அவசரம் என்று யார் முடிவு செய்வது என்று கேட்டார்கள். வெறும் பேராசை என்று அதைத் தள்ளிவிட முடியாது. காப்பீட்டுப் பணம் வரத் தாமதமானால் சிறிய மருத்துவமனை தள்ளாடும் என்பது நம் சபைச் சகோதரிகளுக்கும் தெரிந்த சங்கடம். கடைசியில் அரசிடம் சலுகை பெறாத தனியார் மருத்துவமனைகளுக்கு விலக்குத் தருவதாக ஒப்பந்தம் ஏற்பட்டுப் போராட்டம் நின்றது. உரிமை என்று எழுதிவிடுவது எளிது, அதற்குப் பணம் யார் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் நின்றுவிடுகிறது. 2017இன் தேசிய நலக் கொள்கை, நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காட்டை அரசுகள் மருத்துவத்துக்குச் செலவிடவேண்டும், அதை 2025க்குள் எட்டவேண்டும் என்றது. 2025 கடந்தும் எட்டவில்லை.

திருச்சபை இதில் தெளிவாகவே பேசியிருக்கிறது. திருத்தந்தை 23ஆம் யோவான் 1963 ஏப்ரல் 11 அன்று வெளியிட்ட ‘பாசெம் இன் டெர்ரிஸ்’ சுற்றுமடலில், உணவு, உடை, உறைவிடத்தோடு மருத்துவ வசதியையும் மனிதரின் உரிமை என்றே எண்ணினார். தருமம் என்று சொல்லவில்லை. நாமோ நோயாளிகள் நாளன்று பழமும் ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறோம். 1943இல் குண்டூரில் மருத்துவச் சகோதரி மேரி குளோரி தொடங்கிய கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கம் இன்று நாடெங்கும் விரிந்திருக்கிறது. ஆனால் கிராமங்களில் கன்னியர் நடத்திய சிறு மருந்தகங்கள் பல மூடிவிட்டன. மாலை வேளையில் ஒரு சகோதரி சைக்கிளில் வந்து பிரஷர் பார்த்துப் போன காலத்தைப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். நகரத்துப் பெரிய கட்டடங்களில் நம் சபைகள் காட்டும் ஆர்வம் அந்தச் சைக்கிள் மேல் இல்லாமல் போனதேன்?

சிறிய காரியங்களையாவது செய்யலாம். கிராம சபை கூடும்போது நம் மக்கள் சாலை, தண்ணீர், தெருவிளக்கு கேட்கிறார்கள். துணைச் சுகாதார நிலையத்தில் செவிலியர் வாரத்தில் எத்தனை நாள் இருக்கிறார் என்றும் கேட்கலாமே. திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் மனு வாங்குகிறார். அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசிவிட்டுப் பத்துப் பேராகப் போகலாம். அடுத்து யார் வாக்குக் கேட்டு வந்தாலும், எந்தக் கொடி பிடித்து வந்தாலும், "உங்களுக்கு நெஞ்சு வலித்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள்?" என்று மரியாதையோடு கேளுங்கள்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். வலது கை இன்னும் முழுதாக வரவில்லை. இடது கையால் பேண்டேஜ் துணியை மடித்து அடுக்குகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துப் போகிறாராம். சென்ற மாதம் நற்கருணை கொண்டுபோனபோது, நோய் வருவதற்கு முன் எப்போதாவது பிரஷர் பார்த்ததுண்டா என்று கேட்டோம். "ரெண்டாவது பிள்ளை வயித்துல இருக்கும்போது பார்த்தாங்க சாமி" என்றார். அந்தப் பிள்ளை இப்போது கல்லூரியில் படிக்கிறது.